எ, ஆன், தி: கேட்கிற ஆளுக்குத் தெரியுமா?

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பட்டப்படிப்பு வரை தமிழ் மீடியம், இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, ஆங்கிலத்தில் மெயில் எழுதினால் மேனேஜர் ஒவ்வொரு தடவையும் எ, ஆன், தி மூன்றையும் திருத்தித் திருப்பி அனுப்புகிறாராம். இலக்கணப் புத்தகத்தில் இருக்கிற விதியெல்லாம் படித்தாகிவிட்டது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் கைகொடுக்கவில்லை, என்ன செய்யலாம் அண்ணாச்சி என்று கேள்வி.

சரி தம்பி, விதிகளைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். பாளையங்கோட்டையில் என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் விதி தெரியும். சூரியனுக்கும் சந்திரனுக்கும் தி, ஆற்றுக்கு தி, உயிரெழுத்துக்கு முன்னால் ஆன் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். அதே பிள்ளை அடுத்த நிமிஷம் "மை ஃபாதர் இஸ் ஃபார்மர்" என்று எழுதும். அந்த விதிகள் எல்லாம் பெயர்ச்சொல்லை உற்றுப் பார்க்கச் சொல்கின்றன, கோளாறு அங்கேதான் இருக்கிறது. எ போடுவதா தி போடுவதா என்பது பெரும்பாலும் நீங்கள் சொல்வதைக் கேட்கிற ஆளைப் பொறுத்தது. நான் எதைச் சொல்கிறேன் என்று இந்த இடத்தில் அவருக்குப் புரியுமா? இன்னதுதான் என்று அவரால் பிடித்துக்கொள்ள முடிந்தால் தி. முடியாது என்றாலோ, எது என்பது முக்கியமில்லை என்றாலோ எ.

உதாரணத்துக்கு, நேற்று நீங்கள் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் சொல்வதானால் "ஐ மெட் தி எம்.எல்.ஏ.", ஏனென்றால் தொகுதிக்கு ஒரு எம்.எல்.ஏ.தான், எந்த எம்.எல்.ஏ. என்று அவர் கேட்க மாட்டார். அதையே டெல்லிக்காரர் ஒருவரிடம் ரயிலில் பேச்சுவாக்கில் சொன்னால் "ஐ மெட் ஆன் எம்.எல்.ஏ." பார்த்த ஆள் அதே ஆள்தான், கேட்கிற ஆள் மாறியதும் முன்னால் வருகிற சொல்லும் மாறிவிட்டது. கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ., ஊர்த் தலைவர் எல்லோருக்கும் இதே கணக்குதான். சூரியனுக்கு தி போடுவதும் இதனால்தான், "தி சன்" என்றால் எந்தச் சூரியன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இந்தத் தெரிந்தது, தெரியாதது என்கிற பிரிவு தமிழில் இல்லை, அதனால்தான் நமக்கு வரமாட்டேன் என்கிறது என்று பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழில் அது இருக்கிறது, பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக வராமல் பின்னால் உருபாக ஒட்டிக்கொண்டு வருகிறது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

இரண்டாம் வேற்றுமை உருபைப் பாருங்கள். கடைக்குக் கிளம்பும் பையனிடம் வீட்டில் "அல்வா வாங்கிட்டு வா" என்பார்கள். அவன் வாங்கி வந்து ஸ்கூட்டரிலேயே பொட்டலத்தை மறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தால் "அல்வாவை எடுத்துட்டு வா" என்பார்கள். முதலில் உருபு இல்லை, ஏதோ அல்வா, எந்தக் கடை அல்வாவாக இருந்தாலும் சரி. இரண்டாவதில் உருபு வந்துவிட்டது, இருவருக்கும் தெரிந்த அந்தப் பொட்டலம். ஆங்கிலத்தில் முதலாவது "பை சம் அல்வா", இரண்டாவது "பிரிங் தி அல்வா". இதை யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு தடவைகூட நீங்கள் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டீர்கள். "டீ குடிச்சியா?" என்பதற்கும் "டீயைக் குடி, ஆறுது" என்பதற்கும் நடுவில் இருப்பது இதே வித்தியாசம்தான்.

ஆக, உயிரில்லாத பொருள் செயப்படுபொருளாக வரும்போது வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். உருபு வந்து, "ஒரு" இல்லையென்றால் தி. "ஒரு" வந்தால், உருபு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எ அல்லது ஆன். இரண்டுமே இல்லையென்றால் பொருளைப் பார்க்க வேண்டும்: எண்ணக்கூடியது ஒன்று என்றால் எ, எண்ண முடியாதது என்றால் வெறுமனே விடலாம், இல்லை சம் போடலாம். "பைக் வாங்கினான்" என்றால் "ஹி பாட் எ பைக்". "பைக்கை வித்துட்டான்" என்றால் "ஹி சோல்ட் தி பைக்". அவனுடைய சொந்த பைக் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் "ஹிஸ் பைக்" என்றும் போடலாம், அப்போது தி தேவையில்லை.

இது எல்லா இடத்துக்கும் செல்லாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். மனிதர்களுக்குத் தமிழில் எப்படியும் உருபு வந்துவிடும், "டாக்டரைப் பார்த்தேன்" என்பதில் தெரிந்த டாக்டரா தெரியாத டாக்டரா என்று உருபு சொல்லாது, அங்கே கேட்கிறவர் சோதனையைத்தான் போட வேண்டும். பிடிக்கும், பிடிக்காது, பயம் என்று வருகிற வாக்கியங்களும் அப்படித்தான். "நாயைக் கண்டாலே எனக்குப் பயம்" என்றால் தெருமுனையில் நிற்கிற அந்த நாயை மட்டும் சொல்லவில்லை, நாய் என்கிற இனத்தையே சொல்கிறேன், அதற்கு "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்" என்று பன்மை வரும், தி வராது. எழுவாயாக வருகிற சொல்லுக்கு உருபே கிடையாது, அங்கேயும் இந்தச் சோதனை உதவாது.

அப்புறம் ஒரு பள்ளிக்கூட விதி இருக்கிறது, முதல் தடவை சொல்லும்போது எ, இரண்டாம் தடவை தி. தப்பில்லை, ஆனால் பாதிதான். "ஐ காட் ஆன் எ பஸ்" என்று எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்தில் டிரைவரைப் பற்றிச் சொல்லப்போகிறீர்கள். டிரைவர் இப்போதுதான் முதல் முறை வருகிறார், அதனால் "எ டிரைவர்" என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. "தி டிரைவர்" என்பதுதான் சரி. பஸ் என்று சொன்னவுடனே டிரைவரும், கண்டக்டரும், படிக்கட்டும், ஜன்னலோர சீட்டும் கேட்கிறவர் மனதில் வந்தாகிவிட்டது. எந்த டிரைவர் என்று அவர் கேட்க மாட்டார், அந்த பஸ்ஸின் டிரைவர். ஜன்னலோர சீட் மட்டும் பல இருப்பதால் "எ விண்டோ சீட்". கல்யாண வீடு என்று சொல்லிவிட்டால் "தி பிரைட்", "தி குரூம்" எல்லாம் தானாக வரும், ஆனால் மாப்பிள்ளையின் சித்தப்பாக்களில் ஒருவர் என்றால் "ஆன் அங்கிள் ஆஃப் தி குரூம்". இதை ஒரு வாரம் கவனித்துப் படித்தாலே மெயிலில் பாதித் திருத்தம் குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இனி தமிழ் நம்மைக் கவிழ்க்கிற இடத்துக்கு வருவோம். "அவர் டீச்சர்", "எங்க அப்பா விவசாயி", "என் அண்ணன் இன்ஜினியர்" என்று தமிழில் "ஒரு" இல்லாமல்தான் சொல்வோம். "எங்க அப்பா ஒரு விவசாயி" என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அந்த எ இல்லாமல் வாக்கியமே நிற்காது: "ஷி இஸ் எ டீச்சர்", "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்", "மை பிரதர் இஸ் ஆன் இன்ஜினியர்". தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் செய்கிற தவறுகளில் எனக்குத் தெரிந்து இதுதான் அதிகம். "ஐ டிட் எம்.பி.ஏ." என்பதும் இதே வகை, "ஐ டிட் ஆன் எம்.பி.ஏ." என்று வர வேண்டும். ஒருவருக்கு மட்டுமே உரிய பதவியாக இருந்தால் எ இல்லாமலும் வரும், "ஷி வாஸ் அப்பாயின்டட் கலெக்டர்" என்பது நல்ல ஆங்கிலம்.

இதிலிருந்து ஒரே ஒரு கண்டிப்பான விதியை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை: எண்ணக்கூடிய பொருள், ஒருமை, பொதுப்பெயர் என்றால் அதை முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக விடக்கூடாது. எ, தி, மை, எங்கள் என்று பொருள்படுகிற அவர், திஸ், எவ்ரி என்று ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். விலக்குகள் கொஞ்சம் உண்டு, கீழே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மெயிலையே எடுத்துக்கொள்வோம். "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் டாஸ்க். கிளையன்ட் கேவ் எ குட் ஃபீட்பேக். ஐ நீட் எ லீவ் ஆன் மண்டே." முதல் வாக்கியத்தில் டாஸ்க் தனியாக நிற்கிறது, நிற்கக்கூடாது. எந்த டாஸ்க் என்று மேனேஜருக்குத் தெரியும், அவர்தானே கொடுத்தார், அதனால் "தி டாஸ்க்". கிளையன்ட்டும் அதே மாதிரி, இருவருக்கும் தெரிந்த கிளையன்ட், "தி கிளையன்ட்". ஃபீட்பேக் எண்ண முடியாத சொல், முன்னால் எ வராது, "குட் ஃபீட்பேக்" போதும். லீவும் இந்த அர்த்தத்தில் எண்ண முடியாதது, "ஐ நீட் லீவ் ஆன் மண்டே" என்றோ "எ டே ஆஃப்" என்றோ எழுதுங்கள், டே என்பதை எண்ணலாம். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், நியூஸ் எல்லாம் இந்தக் கூட்டம். தமிழில் ஒரு அறிவுரை, ஒரு தகவல் என்று எண்ணுகிறோம், ஆங்கிலம் எண்ணாது, எண்ணியே ஆகவேண்டும் என்றால் "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்". நாலெட்ஜ் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அதுவும் எண்ண முடியாததுதான், ஆனால் பயோடேட்டாவில் "எ குட் நாலெட்ஜ் ஆஃப் எக்செல்" என்று எழுதினால் அது சரி.

லீவ் என்றதும் ஞாபகம் வருகிறது. "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பிக்காத விடுப்பு விண்ணப்பம் நம் பக்கத்தில் உண்டா? அந்த வாக்கியம் ஒன்றும் குற்றமில்லை, ஆனால் சாதாரணமாகப் பேசும்போது "ஐ ஹேவ் எ ஃபீவர்", "எ ஹெட்ஏக்", "எ கோல்ட்" என்றுதான் வரும். நோயின் பெயராக இருந்தால் ஒன்றும் வேண்டாம்: டெங்கு, மலேரியா, டயாபடீஸ்.

ஆன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள், அவ்வளவுதான். மணி நேரத்தைக் குறிக்கிற அவர் என்ற சொல்லில் ஹெச் ஒலிக்காது, "ஆன் அவர்". யுனிவர்சிட்டி யகரத்தில் தொடங்குகிறது, "எ யுனிவர்சிட்டி". ஒன் வகரத்தில் தொடங்குகிறது, "எ ஒன்-வே ரோடு". சுருக்கப் பெயர்களிலும் அப்படியே: "ஆன் எஸ்.ஐ.", "ஆன் எஃப்.ஐ.ஆர்.", "ஆன் எல்.ஐ.சி. ஏஜென்ட்", ஆனால் "எ யூ.பி.எஸ்.சி. எக்ஸாம்", "எ டி.என்.பி.எஸ்.சி. எக்ஸாம்". நம் காது ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. எகரத்தில் தொடங்குகிற சொல்லை நாம் லேசாக ஒரு யகரம் சேர்த்து யெக், யெம்.எல்.ஏ. என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், அதனால் "எ எக்" என்பது உறுத்தாமல் போய்விடுகிறது. அந்த யகரம் நாம் சேர்த்தது, "ஆன் எக்" என்றே எழுதுங்கள். ஹெச்.ஆர். விஷயத்தில் சண்டை உண்டு, அகராதி அந்த எழுத்தை ஏட்ச் என்று ஒலிக்கச் சொல்வதால் "ஆன் ஹெச்.ஆர். மேனேஜர்" என்பது பாதுகாப்பு.

தி எங்கே கூடாது என்பதுதான் இதைவிடப் பெரிய தலைவலி. பொதுவாகப் பேசும்போது பன்மைக்கும் எண்ண முடியாததற்கும் தி வராது. "லைஃப் இஸ் ஹார்ட்", "நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்", "ரைஸ் இஸ் எக்ஸ்பென்சிவ்". "தி லைஃப்" என்றால் எந்த வாழ்க்கை என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் வாக்கியத்திலேயே இருந்தால் தி சரிதான்: "தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன்". மொழியின் பெயரும் அப்படி, "தமிழ் இஸ் ஆன் ஏன்ஷியன்ட் லாங்குவேஜ்", ஆனால் லாங்குவேஜ் என்ற சொல்லையும் சேர்த்தால் "தி தமிழ் லாங்குவேஜ்". "தி இங்கிலீஷ்" என்று எழுதினால் இங்கிலாந்து மக்கள் என்று அர்த்தமாகிவிடும், கவனம்.

மேலே சொன்ன விலக்குகள் இவை: ஸ்கூல், காலேஜ், சர்ச், ஜெயில், பெட். இங்கெல்லாம் அந்த இடத்துக்குரிய வேலைக்காகப் போனால் ஒன்றும் போட வேண்டாம். பையன் படிக்கப் போகிறான், "ஹி கோஸ் டு ஸ்கூல்". அவனுடைய அப்பா ஃபீஸ் கட்டப் போகிறார், "ஹி வென்ட் டு தி ஸ்கூல்". ஹாஸ்பிட்டலில் இங்கிலாந்துக்காரர்கள் இதே மாதிரி "இன் ஹாஸ்பிட்டல்" என்பார்கள், அமெரிக்கர்கள் "இன் தி ஹாஸ்பிட்டல்" என்பார்கள், இரண்டில் எதையும் எழுதலாம். ஆனால் ஆபீஸ் இந்தப் பட்டியலில் இல்லை! "ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ்" என்பது நம் நாட்டில் எல்லோரும் சொல்வது, வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு எழுதும்போது "டு தி ஆபீஸ்" என்றோ "டு வொர்க்" என்றோ மாற்றிவிடுங்கள். "இன் ஆபீஸ்" என்று தி இல்லாமல் எழுதினால் பதவியில் இருக்கிறார் என்று பொருள் போகும், அது அமைச்சருக்குச் சொல்வது. கோயிலுக்கும் தி வேண்டும், "வி வென்ட் டு தி டெம்பிள்".

ஊர்ப் பெயர்களை நம் சீமையை வைத்தே சொல்லிவிடலாம். திருநெல்வேலி, தென்காசி, பாபநாசம் என்று ஊருக்கு எதுவும் வேண்டாம். ஆற்றுக்கு தி, "தி தாமிரபரணி". மலைத்தொடருக்கு தி, "தி வெஸ்டர்ன் காட்ஸ்", தனிச் சிகரத்துக்குப் பெரும்பாலும் கிடையாது. கடலுக்கும் வளைகுடாவுக்கும் தி, "தி கல்ஃப் ஆஃப் மன்னார்". அணைக்கு தி, "தி மணிமுத்தாறு டேம்". ரயிலின் பெயருக்கும் தி, "தி நெல்லை எக்ஸ்பிரஸ் இஸ் லேட்", இதை விட்டுவிடுகிறவர்கள் அநேகம். ஸ்டேஷனுக்கு வேண்டாம், "திருநெல்வேலி ஜங்ஷன்". கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு, அவர்களைப் பற்றி எழுதும்போது "இன் துபாய்", "இன் சவுதி அரேபியா", ஆனால் "இன் தி யூ.ஏ.இ.", "இன் தி கல்ஃப்". பெயருக்குள் எமிரேட்ஸ், ஸ்டேட்ஸ், கிங்டம் மாதிரி ஒரு பொதுச்சொல் இருந்தால் தி தேடி வரும். "தி மால்டீவ்ஸ்" மாதிரி பன்மையாக இருந்தாலும் வரும்.

ஆஃப் வந்தால் கதை மாறும். ஆக்ஸ்ஃபர்ட் என்ற ஊருக்கு தி கிடையாது, ஆனால் பாளையங்கோட்டையைப் புகழும்போது "தி ஆக்ஸ்ஃபர்ட் ஆஃப் சவுத் இந்தியா" என்கிறோம். குற்றாலம் "தி ஸ்பா ஆஃப் சவுத் இந்தியா". பின்னால் வருகிற ஆஃப் எது என்று குறித்துக் காட்டிவிடுகிறது, அதனால் முன்னால் தி. "மெட்ராஸ் யுனிவர்சிட்டி" என்றால் ஒன்றும் வேண்டாம், "தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்" என்றால் வேண்டும். ஆஃப் வந்தாலே தி என்று இதையும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள், "எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்" என்றால் என் நண்பர்களில் யாரோ ஒருவன்.

எ, தி இரண்டும் ஒரே வரியில் வருவதைப் பார்க்க வேண்டுமானால் இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லின் நூல் தலைப்புகளைப் பாருங்கள். 1856-ல் வந்த இலக்கணத்துக்கு அவர் வைத்த பெயர் "எ கம்பாரட்டிவ் கிராமர் ஆஃப் தி திராவிடியன் ஆர் சவுத்-இந்தியன் ஃபேமிலி ஆஃப் லாங்குவேஜஸ்". 1881-ல் வந்த நம் மாவட்ட வரலாறு "எ பொலிட்டிகல் அண்ட் ஜெனரல் ஹிஸ்டரி ஆஃப் தி டிஸ்ட்ரிக்ட் ஆஃப் டின்னெவெல்லி" என்று தொடங்கும். இலக்கணம் யாரும் இன்னொன்று எழுதலாம், வரலாறும் எழுதலாம், அதனால் எ. திராவிட மொழிக் குடும்பம் ஒன்றுதான், டின்னெவெல்லி மாவட்டமும் ஒன்றுதான், அதனால் தி. முன்னால் எ-க்குப் பதில் தி போட்டிருந்தால் இதைத் தவிர வேறு இல்லை என்று மார்தட்டுவது போல் ஆகியிருக்கும்.

ஆட்களின் பெயருக்கு எதுவும் கிடையாது என்றாலும் நம் ஊரில் தெருவுக்கு நாலு முருகன், அஞ்சு இசக்கி. எந்த முருகன் என்று பிரித்துச் சொல்லும்போது "தி முருகன் ஹூ ரன்ஸ் தி டீ ஸ்டால்" என்று தி வரும். யாரோ முருகன் என்று ஒருத்தர் போன் பண்ணினார் என்றால் "எ மிஸ்டர் முருகன் கால்டு". இரண்டுமே நல்ல ஆங்கிலம்தான்.

ஆங்கிலப் பேப்பர் படி, தானாக வரும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். படியுங்கள், ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். "மேன் ஹெல்டு ஃபார் தெஃப்ட்" என்று தலைப்பில் எ, தி எல்லாவற்றையும் இடத்துக்காக வெட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துப் பழகினால் உங்கள் மெயிலும் தந்தி மாதிரி ஆகிவிடும். செய்தியின் முதல் பத்தியைத் தலைப்போடு வைத்துப் பாருங்கள், வெட்டின எ-யும் தி-யும் அங்கே திரும்ப வந்திருக்கும். தலைப்பை மட்டும் பார்த்து எங்கே எது வரும் என்று நீங்களே பென்சிலால் எழுதிவிட்டு அப்புறம் பத்தியைப் படித்துச் சரிபார்க்கலாம், என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற ஒரே பயிற்சி இதுதான்.

ஃபியூ, லிட்டில் இரண்டையும் மட்டும் சொல்லிவிடுகிறேன், மெயிலில் அர்த்தமே தலைகீழாகிவிடும். "வி ஹேவ் எ ஃபியூ டேஸ்" என்றால் சில நாள் இருக்கிறது, சமாளிக்கலாம். எ இல்லாமல் "வி ஹேவ் ஃபியூ டேஸ்" என்றால் நாள் அநேகமாக இல்லை. "எ லிட்டில் டைம்", "லிட்டில் டைம்" என்பதும் அப்படியே. கிலோ எண்பது ரூபாய் என்பதற்கு "எய்ட்டி ருபீஸ் எ கிலோ", தினம் இரண்டு தடவை என்பதற்கு "ட்வைஸ் எ டே", அங்கே தி வராது.

மெயிலை அனுப்புவதற்கு முன்னால் எதுவும் இல்லாமல் தனியாக நிற்கிற ஒருமைப் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை தேடுங்கள். கிடைத்தால் மேனேஜருக்கு எது என்று தெரியுமா என்று கேட்டு எ அல்லது தி போடுங்கள். அப்போதும் தீரவில்லையென்றால் சொல்லைப் பன்மையாக்கிவிடுங்கள், இல்லை மை, அவர், திஸ் என்று எது பொருந்துகிறதோ அதைப் போட்டுவிடுங்கள், வாக்கியம் தப்பித்துவிடும். போட்டித் தேர்வில் மட்டும் இந்த வேலை நடக்காது, அங்கே நாலு விடையில் ஒன்றைத்தான் குறித்தாக வேண்டும்.